வீட்டு வரி: கேட்டுத் தெரிந்து கட்டுவோம்

ஊருக்குச் சாலை வேண்டும். சாக்கடை வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். குப்பை அள்ள ஆள் வேண்டும். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி வீட்டு வரியில் இருந்து வருகிறது. மும்பையில் இந்த வரியை மும்பை மாநகராட்சி வாங்குகிறது. பேச்சு வழக்கில் இதைக் 'கர்பட்டி' என்பார்கள்.

சிறிய வீட்டுக்குச் சலுகை

500 சதுர அடி வரை உள்ள குடியிருப்பு வீடுகளுக்கு மும்பையில் சலுகை உண்டு. 2019இல் பொது வரி மட்டும் தள்ளுபடி ஆனது. ஆனால் வீட்டு வரி பில்லில் தண்ணீர், சாக்கடை, கல்வி, மரம் என்று வேறு வரிகளும் இருந்தன. அவற்றை மக்கள் கட்ட வேண்டியிருந்தது. 2022 ஜனவரி 1 முதல் வரி முழுவதையும் மகாராஷ்டிர அரசு தள்ளுபடி செய்தது.

தில்லியில் சலுகை வேறு விதம். அங்கு ஒரு பெண் தன் பெயரில் உள்ள வீட்டில் தானே குடியிருந்தால் வரியில் 30 சதவீதம் குறையும். இது ஒரு வீட்டுக்கு மட்டும்தான்.

நம் வீடு எவ்வளவு?

சுவருக்கு உள்ளே இருக்கும் தரையை மட்டும் அளக்க வேண்டும். நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும்.

அறை: 15 × 10 = 150
சமையல் இடம்: 10 × 6 = 60
குளியல் அறை: 5 × 3 = 15
மொத்தம்: 225 சதுர அடி

ரயில் பாதை ஓரக் குடிசைகளில் இருந்தவர்களுக்கு மான்குர்த்தில் கிடைத்த மாற்று வீடுகள் 225 சதுர அடிதான். இவை சலுகைக்குள் வரும்.

கேள்வி கேட்ட அம்மா

மான்குர்த்தில் ஒரு கட்டடம். அங்கு வசிக்கும் ஒரு அம்மா நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். சொசைட்டிக்கு மாதப் பணம் கட்டும்போது, கர்பட்டிக்கு என்று தனியாக 100 ரூபாய் கேட்டார்கள். அவர் செயலாளரிடம் போனார்.

"அண்ணாச்சி, நம்ம வீட்டுக்குத்தான் கர்பட்டி கிடையாதே. எதுக்கு நூறு ரூபாய்?"

"சொசைட்டி பேருக்குப் பில் வந்திருக்கு தங்கச்சி. எல்லாரும் பங்கு போட்டுத்தானே கட்டணும்?"

"பில்லை எடுங்க அண்ணாச்சி. எதுக்கு வந்திருக்குன்னு வார்டு ஆபீஸ்ல கேட்போம்."

இருவரும் எம் கிழக்கு வார்டு அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே விவரம் தெரிந்தது. கட்டடத்தின் கீழே இரண்டு கடைகள் இருக்கின்றன. பில்லில் உள்ள தொகை அந்தக் கடைகளுக்கு உரியது. சலுகை குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே. கடைக்கு இல்லை.

சொசைட்டிக் கூட்டத்தில் செயலாளரே இதைச் சொன்னார். இனிக் கடைக்காரர்கள் கட்டுவது என்று முடிவானது. மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,200 ரூபாய். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு அது ஆகும்.

நினைவில் வையுங்கள்

1. வீட்டைக் கடையாக மாற்றினால் வரி வரும்.
2. 2022க்கு முந்தைய பாக்கி இருந்தால், அது எவ்வளவு என்று கேட்டு அறியுங்கள். பாக்கிக்கு மாதம் 2 சதவீதம் அபராதம் ஏறும்.
3. பணம் கட்டினால் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள்.
4. வரி ரசீது வீட்டுப் பத்திரம் ஆகாது. வீடு ஒதுக்கிய கடிதத்தைத் தனியே பத்திரமாக வையுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. எத்தனை சதுர அடி வரை சலுகை உண்டு?
2. அந்தக் கட்டடத்துக்குப் பில் வந்தது எதனால்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டை அளந்து, எத்தனை சதுர அடி என்று எழுதுங்கள். உங்கள் சொசைட்டிப் பில்லையும் வாங்கிப் படியுங்கள்.