மின்சாதனத்தில் வாடை வந்தால்...

1. புது மிக்ஸி முதல் சில தடவை ஓடும்போது லேசாகக் கருகல் வாடை வரும். மோட்டார் காயிலில் பூசிய வார்னிஷ் சூடாவதுதான் காரணம், பயம் வேண்டாம். பழைய மிக்ஸியில் அதே வாடை வந்தால் ஜாரில் சுமை அதிகம். உளுந்தைத் தண்ணீர் தெளிக்காமல் கெட்டியாக அரைக்கும்போது இப்படி ஆகும். நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, பாதிப் பாதியாக அரையுங்கள்.

2. புது டிவி, லேப்டாப்பில் வருவது பிளாஸ்டிக், பசை வாடை. சில நாள் சன்னலைத் திறந்து வையுங்கள். ஏ.சி. போட்டு மூடிய அறையில் குழந்தையைப் படுக்கவைக்க வேண்டாம்.

3. மீன் வாங்காத நாளில் மீன் வாடை அடிக்கிறதா? முதலில் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். பிளக் பாயின்ட்டில் ஒயர் லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகி, பிளாஸ்டிக்கும் ஒயரின் மேலுறையும் இளகி இந்த வாடையைக் கிளப்பும். கீசர், அயர்ன் பாக்ஸ் செருகும் இடங்களில்தான் இது அதிகம். ஊதுபத்தி ஏற்றி மறைக்காதீர்கள்! சூடான பிளக்கைக் கையால் பிடுங்காமல் மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழுப்பேறிய சாக்கெட்டை மாற்றியே ஆகவேண்டும்.

4. இன்வெர்ட்டர் பேட்டரி பக்கம் கூமுட்டை நாற்றம் வந்தால் அசட்டையாக இருக்கவே கூடாது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை விடுகிறது. சிறிது நேரத்தில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டதென்று ஏமாறக் கூடாது. கூடவே வரும் ஹைட்ரஜனுக்கு வாடையே கிடையாது. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். கதவு, சன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, வெளியிலுள்ள மெயினை அணையுங்கள். சார்ஜ் ஏறுவது நிற்கும். மாடிப்படிக்கு அடியில் அடைத்தாற்போலவோ, விளக்கேற்றும் இடத்தின் அருகிலோ பேட்டரியை வைக்காதீர்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவை மாதம் ஒருமுறை பாருங்கள்.

5. செல்போன் உப்பி, நெயில் பாலிஷ் போன்ற தித்திப்பு வாடை வந்தால் பேட்டரி கசிகிறது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். துணிமணி இல்லாத வெறுந்தரையில் வைத்து, சர்வீஸ் சென்டரில் சொல்லுங்கள். புகை வந்துவிட்டால் அருகில் நிற்கவே வேண்டாம்.

6. செம்புக்காகப் பழைய ஒயரைக் கொளுத்துவது கொடிய பழக்கம். பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வந்து நுரையீரலை அரிக்கும்.

7. சளி பிடித்தவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வாடை சட்டென்று தெரியாது. அடுத்தமுறை அப்பா அம்மா வீட்டுக்குப் போகும்போது, அங்குள்ள பிளக் பாயின்ட்களை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.