முடிவு சொன்ன 323 கண்கள்

கோயம்புத்தூர்

அன்புள்ள மகிழினி,

உன் கடிதம் கிடைத்தது. பயோடெக்னாலஜி முதலாண்டு முடிவதற்குள் நோய்களின் மூலக்கூறுப் பாதைகளைப் பற்றி இத்தனை கேள்விகள் கேட்கிறாயே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். "இந்த ஆராய்ச்சியெல்லாம் பாஸ்டனிலும் பெங்களூரிலும்தான் நடக்கும், நம்ம ஊரில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் அத்தை?" என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதிலாக, நம் பக்கத்து உழவர்களின் கண்ணில் தொடங்கி உலகம் முழுவதும் மருத்துவர்கள் எழுதும் மருந்துச் சீட்டு வரை போன ஓர் ஆராய்ச்சியைச் சொல்கிறேன். பொறுமையாகப் படி, கண்ணு.

முதலில் நோயைத் தெரிந்துகொள். உடுமலைப் பக்கம் மக்காச்சோளம் அறுக்கும்போது தோகை கண்ணைக் கீறிவிடும். பொள்ளாச்சியில் தென்னை மட்டை வெட்டும்போது சிராய் தெறிக்கும். பால் கறக்கும்போது மாட்டு வால் கண்ணில் அடிக்கும். கீறல் என்னவோ சின்னதுதான். ஆனால் ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் மண்ணிலும் தோகையிலும் வாழ்கின்றன. அவற்றின் வித்துகள் அந்தக் கீறல் வழியாகக் கருவிழிக்குள் இறங்கிவிடும். சில நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புண் தெரியும். கவனிக்காமல் விட்டால் கருவிழி ஓட்டையாகி, கண்ணையே எடுக்க வேண்டிய நிலை வரும். உலகில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் இந்தப் பூஞ்சைப் புண் வருகிறது என்றும், அவர்களில் 8 முதல் 11 சதவீதம் பேர் கண்ணை இழக்கிறார்கள் என்றும் 2021-இல் வெளியான ஒரு மதிப்பீடு சொல்கிறது.

மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கில், கருவிழிப் புண் ஒரு லட்சம் பேரில் 113 பேரைத் தாக்கியிருந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓம்ஸ்டெட் என்ற மாவட்டத்தில் அதே கணக்கு 11 மட்டுமே. 1997-இல் வெளியான இன்னொரு மதுரை ஆய்வு, கிருமி அடையாளம் தெரிந்த புண்களில் ஏறக்குறைய பாதிக்குப் பூஞ்சையே காரணம் என்று காட்டியது. அதில் முதலிடம் ஃபுசேரியத்துக்கு. இதில் ஒரு செய்தி இருக்கிறது. வெப்ப நாட்டு உழவரைத் தாக்கும் நோய்க்கு மருந்து தேடும் அவசரம், அந்த நோயை அதிகம் பார்க்காத ஊர்களுக்கு வராது. அந்த வேலை நம்முடையது.

இப்போது மூலக்கூறுக்கு வருவோம். நம் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கிறது. பூஞ்சையின் செல்சவ்வில் அதே இடத்தில் எர்கோஸ்டெரால் என்ற வேறொரு பொருள் இருக்கிறது. பூஞ்சையும் நம்மைப் போலவே உட்கரு உள்ள உயிர். அதனால் அதைக் கொல்லும் பல மருந்துகள் நம் செல்களையும் பாதிக்கும். அதற்கும் நமக்கும் இடையே தெளிவாகத் தெரியும் வேறுபாடுகளில் எர்கோஸ்டெரால் ஒன்று. பூஞ்சைக்கு எதிரான மருந்துகளில் பெரும்பாலானவை அந்த வேறுபாட்டைத்தான் குறி வைக்கின்றன.

குறி ஒன்று என்றாலும் அதைத் தாக்கும் இடங்கள் இரண்டு. செல்சவ்வை ஒரு செங்கல் சுவர் என்று வைத்துக்கொள். வோரிகோனசோல் என்ற மருந்து செங்கல் சூளையை மூடுகிறது. எர்கோஸ்டெராலைத் தயாரிக்கும் சிஒய்பி51 என்ற நொதியை அது முடக்கிவிடுவதால் புதிய செங்கல் வருவதில்லை. நாடாமைசின் என்ற மருந்து, சுவரில் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கும் செங்கலையே போய்ப் பிடித்துக்கொள்கிறது.

நாடாமைசின் பழைய மருந்து. தென்னாப்பிரிக்காவின் நாடால் பகுதி மண்ணில் இருந்த ஒரு பாக்டீரியாவிலிருந்து 1955-இல் கண்டுபிடித்தார்கள். கண்ணில் போட அமெரிக்கா 1978-இல் அனுமதி கொடுத்தது. எர்கோஸ்டெராலைப் பிடித்துச் சவ்வில் ஓட்டை போடும் வேறு மருந்துகள் உண்டு என்பதால், இதுவும் அப்படித்தான் கொல்கிறது என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2008-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் நாடாமைசின் ஓட்டை போடுவதே இல்லை என்று காட்டினார்கள். எர்கோஸ்டெராலை அது பிடித்துக்கொண்டதும், அமினோ அமிலத்தையும் குளுக்கோஸையும் உள்ளே கொண்டுவரும் புரதங்கள் வேலை செய்யாமல் நின்றுவிடுகின்றன என்று பிறகு தெரிந்தது. உணவு கிடைக்காமல் பூஞ்சை முடங்குகிறது. ஒரு மருந்து பலன் தருவதற்கும் அது எப்படிப் பலன் தருகிறது என்று நாம் அறிவதற்கும் இடையே சில சமயம் ஐம்பது ஆண்டு ஓடிவிடுகிறது, பார்த்தாயா?

வோரிகோனசோல் 2002-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்து. நாடாமைசின் கருவிழியின் மேற்பரப்பைத் தாண்டி ஆழமாக இறங்குவதில்லை, வோரிகோனசோல் நன்றாக இறங்குகிறது. பரிசோதனைக் குழாயில் பல பூஞ்சைகளை அது அடக்கியது. எந்த ஏட்டறிவை வைத்துப் பார்த்தாலும் அதுதான் வெல்ல வேண்டும். கருவிழி வல்லுநர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையைச் சோதிக்க அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர் வெங்கடேஷ் பிரஜ்னாவும் நுண்ணுயிரியல் வல்லுநர் லலிதா பிரஜ்னாவும், அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் உள்ள பிராக்டர் அறக்கட்டளை ஆய்வாளர்களோடு சேர்ந்தார்கள். முதலில் 120 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2010-இல் வெளியிட்டார்கள். இரண்டு மருந்துக்கும் இடையே உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. அத்தோடு விட்டுவிடாமல் பெரிய சோதனைக்குப் போனார்கள். மதுரை, புதுச்சேரி, நம் கோவை அரவிந்த் மருத்துவமனைகளில் 940 பேரைப் பரிசோதித்து 323 பேரைச் சேர்த்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. நோயாளிக்கும் தெரியாது, பார்வையை அளப்பவருக்கும் தெரியாது. முதல் வாரம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு, பிறகு மூன்றாவது வாரம் முடியும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு சொட்டு. அறுவடைக் கூலியை விட்டுவிட்டு மணிக்கொரு சொட்டு போட்டுக்கொண்ட அந்த மனிதர்களும் இந்த ஆராய்ச்சியில் பங்கு உள்ளவர்கள்தான். இதை நீ மறக்கக் கூடாது.

2013-இல் முடிவு வந்தது. பழைய மருந்து வென்றது. மூன்று மாதம் கழித்து அளந்தபோது நாடாமைசின் போட்டவர்களின் பார்வை தெளிவாக மேலாக இருந்தது. கருவிழி ஓட்டையாவதும், அவசரமாகக் கருவிழி மாற்ற வேண்டி வருவதும் அவர்களுக்கு ஏறக்குறைய பாதிதான். ஃபுசேரியம் தாக்கியவர்களிடம் வித்தியாசம் இன்னும் பெரிது. எழுத்துப் பலகையில் சுமார் நான்கு வரி! மற்றப் பூஞ்சைகளில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. 120 பேரிடம் தெரியாதது 323 பேரிடம் தெரிந்தது. புள்ளியியல் வகுப்பில் மாதிரி அளவு பற்றிப் பாடம் வரும்போது இதை நினைத்துக்கொள்.

ஏன் இப்படி? மரபணுவில் ஒரு தடயம் இருக்கிறது. பல பூஞ்சைகளில் சிஒய்பி51 மரபணு ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஃபுசேரியத்தில் மூன்று இருக்கின்றன. வோரிகோனசோல் போன்ற அசோல் மருந்துகளுக்கு ஃபுசேரியம் எளிதில் பணியாததற்கு இது ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சூளையை மூடுவதைவிடக் கட்டிய சுவரைப் பிடிப்பது அங்கே நல்ல வழியாக இருந்திருக்கிறது. நம் பக்கத்துக்கு இது மிகவும் முக்கியம். கோவை அரவிந்த் மருத்துவமனையும் ஹங்கேரியின் செகெத் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கருவிழிப் புண்ணிலிருந்து எடுத்த 70 ஃபுசேரியம் மாதிரிகளின் மரபணு வரிசையைப் படித்து 2013-இல் வெளியிட்டன. நான்கில் மூன்று பங்கு ஃபுசேரியம் சொலானி கூட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மாதிரிகள் மீது செய்த ஆய்வகச் சோதனையிலும் நாடாமைசின் நல்ல பலன் தந்தது. உலக சுகாதார நிறுவனம் 2017-இல் நாடாமைசின் சொட்டு மருந்தை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

வோரிகோனசோலை மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தால் தேறுமா என்று அடுத்து இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். 2016-இல் வந்த முடிவின்படி மொத்தத்தில் பலன் இல்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. ரிபோஃபிளேவினும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை இறுக்கும் சிகிச்சையைச் சேர்த்துப் பார்த்தார்கள். அதிலும் பலன் இல்லை, பார்வை குறையவும் கூடும் என்று 2020-இல் தெரிந்தது. இவற்றைத் தோல்வி என்று எழுதாதே. பலனில்லாத சிகிச்சைக்குக் காசும் கண்ணும் செலவாகாமல் பலரை இந்த முடிவுகள் காக்கின்றன.

அப்படியானால் புதிய வழி எங்கிருந்து வரும்? பூஞ்சையை மட்டும் பார்க்காமல் நம் உடலின் பதிலையும் பார்த்தால் வரும். பூஞ்சையின் செல்சவ்வுக்கு வெளியே இருக்கும் செல்சுவரில் உள்ள பீட்டா குளுக்கானை நம் வெள்ளணுக்களில் உள்ள டெக்டின்-1 என்ற ஏற்பி அடையாளம் காண்கிறது. உடனே நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கருவிழிக்குள் திரண்டு வருகின்றன. பூஞ்சையைக் கொல்வது அவைதான், ஆனால் அவை கக்கும் நொதிகளே கருவிழியின் கொலாஜனையும் கரைக்கின்றன. நோயாளிகளுக்குக் கருவிழி மாற்றும்போது அகற்றிய திசுவை மதுரை அரவிந்தில் படித்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் எரிக் பேர்ல்மனின் குழு அவர்களோடு சேர்ந்து இந்தப் பாதையை மேலும் விவரித்தது. பூஞ்சை வளர இரும்பு வேண்டும். அந்த இரும்பைப் பறித்துக்கொள்ளும் மருந்தைக் கண்ணில் போட்டால் எலிகளில் பூஞ்சையின் வளர்ச்சி குறைந்தது என்று அந்தக் குழு 2013-இல் காட்டியது. எலியில் கண்டது மனிதரிடம் நிற்குமா என்பதை, நாடாமைசினுக்குச் செய்தது போன்ற ஒரு சோதனைதான் சொல்ல முடியும். அதை நடத்தப்போவது உன் தலைமுறை.

இன்னொரு கேள்வி உனக்காகவே காத்திருக்கிறது. உன் அப்பாரு தோட்டத்து மஞ்சளுக்கு அடிக்க வாங்கும் பூஞ்சைக்கொல்லி டப்பாவைத் திருப்பிப் படித்துப் பார். ஹெக்ஸகோனசோல், ப்ரோபிகோனசோல், டெபுகோனசோல் என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கக்கூடும். அவையும் அசோல்கள்தான், அவற்றின் குறியும் அதே சிஒய்பி51தான். வயலில் அடிக்கும் அசோலுக்குப் பழகிய ஆஸ்பர்ஜில்லஸ், மருத்துவமனையில் கொடுக்கும் அசோலுக்கும் பணிவதில்லை என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் முதலில் எச்சரித்தார்கள். இந்தியாவிலும் அத்தகைய பூஞ்சை இருப்பதை 2012-இல் அறிவித்தார்கள். ஈரோட்டு மஞ்சள் காட்டு மண்ணில் என்ன நிலை, பல்லடத்து மக்காச்சோளக் காட்டில் என்ன நிலை என்று மண் எடுத்துச் சோதிக்க பாஸ்டன் போக வேண்டியதில்லை. காடும் தோட்டமும் தெரிந்த, உழவரிடம் மரியாதையாகப் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். நீ இரண்டும் தெரிந்தவள்.

ஆராய்ச்சியாளராக விரும்புகிறவளுக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, உயிர்வேதியியலோடு புள்ளியியலையும் சமமாகப் படி. எந்தப் பாதையைத் தாக்கலாம் என்று முதலாவது காட்டும், தாக்கியதால் யாருக்காவது நல்லது நடந்ததா என்று இரண்டாவது காட்டும். இரண்டு, நுண்ணோக்கியில் கைப்பழக்கம் வேண்டும். புண்ணைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டி, பூஞ்சை இழையைச் சில நிமிடத்தில் காட்டும் அந்தச் சாதாரணச் சோதனைதான் எந்த மருந்து என்பதையே முடிவு செய்கிறது. மூன்று, உனக்குத் தெரிந்ததைத் தோட்டத்தில் சொல். கண்ணில் கீறல் பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவ வேண்டும். தாய்ப்பாலோ தழைச்சாறோ விடக்கூடாது. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கிப் போடக்கூடாது, அது பூஞ்சைக்கு இடம் கொடுத்துவிடும். வலியோ சிவப்போ இருந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இனி எந்த ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்தாலும் நான்கு கேள்வி கேள். எந்த மூலக்கூறைக் குறி வைத்தார்கள்? எந்த நோயாளிக்காக? எதோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம்? புதிய மருந்து என்ற பெயரைக் கேட்டு மயங்காமல் இந்த நான்குக்கும் பதில் தேடத் தெரிந்துவிட்டால், நீ எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாலும் ஆராய்ச்சியாளர்தான். பொங்கலுக்கு வரும்போது ஏதாவது ஒரு கட்டுரைக்கு இந்த நான்கு பதிலையும் எழுதிக்கொண்டு வா. உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அத்தை