கோழிக்குக் கைமருந்து: எது கேட்கும், எது கேட்காது

தை, மாசி வந்தால் வீட்டில் நாலு கோழி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "கோழி தூங்கி தூங்கி விழுது, வெள்ளையும் பச்சையுமாக் கழியுது, என்ன அரைச்சு ஊத்தலாம்?" இதற்கு நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்கழிச்சல் பிடித்த கோழியைப் பிழைக்க வைக்கும் பச்சிலை எதுவும் கிடையாது. மாத்திரையும் கிடையாது. ராணிக்கெட் எனப்படும் அந்த நோய் வைரஸால் வருவது. தடுப்பூசி போடாத கோழிகளுக்குள் புகுந்தால் ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்துவிடும். கீழாநெல்லியும் சீரகமும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பது கோழியின் வயிற்றுக்கு இதம் தரலாம். வைரஸை அது நிறுத்தாது.

ஆகவே மூலிகை பற்றிப் பேசுமுன் தடுப்பூசி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா சொட்டு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் மறுபடி ஒரு முறை. எட்டு வாரம் ஆனதும் இறக்கையடித் தோலில் ஊசி. இந்த ஊசியை எட்டு வாரத்துக்கு முன்னால் போடக்கூடாது, இளங்குஞ்சு தாங்காது. மருந்துக் குப்பி 100 கோழிக்கான அளவில் வரும்; கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். பத்துக் கோழிக்காக ஒரு குப்பியைத் திறக்கத் தயங்குபவர்கள் தெருவில் உள்ள மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே காலையில் போட்டுவிடலாம். ஐஸ் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமைத் தவறவிடாதீர்கள். ஊசி போட ஆளில்லாத ஊர்களை மனத்தில் வைத்து, தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கோழி கொத்தித் தின்னும் குருணை வடிவிலும் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

இனி கைமருந்துக்கு வருவோம். நம் கொல்லையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் இருப்பவை உண்மையாகவே கைகொடுப்பது கோழியின் தோலில்தான். செள்ளு, பேன், அம்மை, காயம், இந்த நாலுக்கும் நான் முதலில் தேடுவது வேம்பும் மஞ்சளும் வசம்பும்தான்.

செள்ளு, பேன் இருக்கிறதா என்று பகலில் பார்த்தால் பாதிதான் தெரியும். கோழி அடைந்த பிறகு ஒரு டார்ச்சோடு போங்கள். கோழியைத் தூக்கி, ஆசனவாய்க்குக் கீழே உள்ள மெல்லிய இறகை எதிர்ப்பக்கம் ஊதிப் பிரித்துப் பாருங்கள். தோலில் வைக்கோல் நிறத்தில் விறுவிறுவென்று ஓடுவது பேன். இறகின் அடித்தண்டில் வெள்ளையாக, கற்கண்டுத் தூள் ஒட்டியதுபோல் கொத்தாக இருப்பது அதன் முட்டை. கோழி உட்காரும் கழியின் அடிப்பக்கத்தையும் பலகை இடுக்கையும் ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ரத்தச் சிவப்பாகக் கோடு விழுந்தால் அது செஞ்செள்ளு. பகல் முழுக்க இடுக்கில் பதுங்கியிருந்து இரவில் ஏறி ரத்தம் குடிப்பது. கொண்டை வெளுத்து, முட்டை குறைந்து, சாயங்காலம் கூண்டுக்குள் போகவே கோழி அடம்பிடித்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பேனுக்கு மண்குளியல் போல நல்ல மருந்து வேறில்லை. மழை படாத இடத்தில் இரண்டடி அகலம், அரையடி ஆழத்தில் ஒரு குழி. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு சலித்து ஆறிய விறகுச் சாம்பல், இரண்டு கைப்பிடி வேப்பிலைப் பொடி, ஒரு கைப்பிடி வசம்புப் பொடி. கோழி தானே இறங்கிப் புரளும். அதிகமாகப் பேன் உள்ள கோழிக்கு மட்டும் வசம்புப் பொடியை இறக்கையடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் கையால் தேய்த்துவிடுங்கள். மூக்கிலும் கண்ணிலும் படக்கூடாது. பொடி முட்டையைக் கொல்லாது. அதனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறுபடி தேய்த்தே ஆக வேண்டும். பலர் முதல் தடவையோடு விட்டுவிட்டு, வசம்பு கேட்கவில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

செஞ்செள்ளுக்குக் கோழியைக் கவனித்துப் பயனில்லை, கூண்டைத்தான் கவனிக்க வேண்டும். கோழிகளை வெளியே விட்டு, கழிகளைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவையுங்கள். இடுக்குகளில் வேப்பெண்ணெயைத் தூரிகையால் தடவுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். தீனியில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் பூச்சி அது. கூண்டைச் சில வாரம் காலியாகப் போட்டால் போய்விடும் என்று நம்பாதீர்கள்.

அடைக்கோழிக்கு மட்டும் எண்ணெய் வைத்தியம் வேண்டாம். வயிற்று இறகில் தடவிய எண்ணெய் முட்டை ஓட்டில் பட்டால் அதன் நுண்துளைகள் அடைபட்டு, உள்ளே கரு மூச்சுமுட்டிச் சாகும். அடை வைப்பதற்கு முன்பே பொடி தேய்த்து, கூடையின் அடியில் காய்ந்த வேப்பிலை பரப்பி விடுங்கள். புகையிலை ஊறிய தண்ணீரைப் பேனுக்குத் தெளிக்கும் பழக்கம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அதன் நஞ்சு தோல் வழியாகவே கோழிக்குள் இறங்கும். தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்தது அம்மை. கொண்டையிலும் தாடியிலும் கண்ணோரத்திலும் மிளகளவு கொப்புளம் வந்து கருத்த பொருக்காகும். கொசுதான் பெரும்பாலும் பரப்புகிறது. இதுவும் வைரஸ்தான், ஆனால் கவனித்துக்கொண்டால் பல கோழிகள் மூன்று நாலு வாரத்தில் தேறிவிடும். கொழுந்து வேப்பிலையும் விரலி மஞ்சளும் அரைத்து நல்லெண்ணெயில் குழைத்துப் பொருக்கின் மேல் காலை மாலை தடவுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், பிய்த்தால் புண்ணாகி, விழுந்த பொருக்கிலிருந்து மற்றவற்றுக்கும் பரவும்.

அம்மை கண்ட குஞ்சுகளில் நிறைய, நோயைவிடப் பட்டினியால்தான் சாகின்றன. கண் இரண்டும் ஒட்டிக்கொள்ள, தீனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மூலையில் நின்றே போய்விடும். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் சிட்டிகை உப்புப் போட்டு, பஞ்சை நனைத்து, இமை மேல் ஒரு நிமிடம் வைத்திருந்தால் கட்டியது இளகும். மெல்லத் துடைத்துவிட்டு, கம்மஞ்சோற்றை உருட்டி வாயில் கொடுங்கள். இலையரைத்துப் பூசுவதைவிட இந்த ஊட்டல்தான் உயிரைக் காக்கிறது. வாய்க்குள்ளே மஞ்சளாகப் படலம் கட்டி மூச்சுத் திணறினால் மருத்துவரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. பளிச்சென்ற நிறத்துக்காகக் காரீயம் கலந்த சாயம் சேர்த்த தூள் சந்தையில் பிடிபட்டிருக்கிறது. கோழி தின்றால் அந்தக் காரீயம் முட்டைக்கும் வரும். விரலி மஞ்சள் வாங்கி நீங்களே இடித்துக்கொள்ளுங்கள்.

உள்ளுக்குக் கொடுப்பதில் நான் சிக்கனம். முருங்கைக்கீரையும் அகத்தியும் நறுக்கிப் போடுங்கள். மஞ்சள்கரு நல்ல நிறம் பிடிக்கும், சத்தும் சேரும். பூண்டு, சீரகம், மிளகு போன்றவற்றைத் தவிட்டில் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருண்டையாகக் கொடுக்கலாம். தண்ணீரில் மட்டும் கலக்காதீர்கள். கசப்பும் நெடியும் பிடிக்காமல் கோழி தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும், சித்திரை வெயிலில் அது ஆபத்து. குடிநீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளிலோ தண்ணீரில் வேறு எதுவுமே சேரக்கூடாது. கருவாடு கழுவியதையும் ஊறுகாய் மிச்சத்தையும் கோழிக்குக் கொட்டாதீர்கள், உப்பு அதற்கு நஞ்சு.

மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரையுள்ள குஞ்சு ரத்தமாகக் கழிந்தால் மூலிகை அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது ரத்தக்கழிச்சல், அதற்கென்று மருந்து இருக்கிறது, அன்றைக்கே வாங்கிக் கொடுங்கள். கூண்டின் ஈரத்தரையை அள்ளிப்போட்டு உலர்ந்த மரத்தூள் பரப்புங்கள். மருந்து கொடுத்த கோழியின் முட்டையை எத்தனை நாள் சாப்பிடக்கூடாது என்பதையும் மருத்துவரிடம் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் பல கோழிகள் திடீரென்று செத்துக் கிடந்தால் அறுக்கவோ விற்கவோ அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது. வெறுங்கையால் தொடாமல், உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்புங்கள். அவர் பார்த்துச் சொன்னபின் ஆழக் குழிவெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம், நாய் தோண்டாத ஆழம் இருக்கட்டும்.