காற்றினும் மெல்லிய துளி

நுழையும்முன்

துளி, தளி, உறை, ஆலி, சிதர், திவலை என நீரின் சிறு வடிவத்திற்குப் பல பெயரிட்டு வழங்கியது நம் மொழி. மழையை உற்றுநோக்கி வாழ்ந்த சமூகமே இத்துணைச் சொற்களைப் படைத்திருக்க இயலும். இயற்கையில் காணாத புதுவகைத் துளியொன்றை இன்றைய இயற்பியல் ஆய்வகத்தில் உருவாக்கியுள்ளது. அத்துளியின் இயல்பையும், அது தோன்றிய வரலாற்றில் இந்தியச் சிந்தனைக்குள்ள பங்கையும், குமரிக் கடற்கரை மணலோடு அதற்குள்ள உறவையும் விளக்குகிறது இப்பாடம்.

துளி ஏன் சிதறுவதில்லை?

நாஞ்சில் நாட்டுக் குளங்களில் தாமரை இலைமேல் விழுந்த நீர், முத்துப்போல் திரண்டு உருள்வதைக் கண்டிருப்பீர்கள். நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அளவுக்குமீறி நெருங்கினால் விலக்குகின்றன. இவ்விரண்டும் சமன்படும் நிலையில் நீர் தனக்கென ஓர் அடர்த்தியைப் பெறுகிறது. பரப்பு இழுவிசை அதனை உருண்டையாக்குகிறது. வளிக்கோ எல்லையில்லை; இடம் கிடைத்தால் பரவிவிடும். குளிர்வித்தால் வளியும் திரவமாகும். ஆனால், அப்போது அணுக்கள் நெருங்கி அடர்ந்துவிடுகின்றன. அணுக்கள் விலகி நிற்கும் ஐதான நிலையிலேயே, வளி துளியின் இயல்பைப் பெற இயலுமா? இயலும் என்பதே அறிஞர் கண்ட விடை.

டாக்காவிலிருந்து சென்ற கட்டுரை

1924ஆம் ஆண்டு, டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சத்தியேந்திரநாத் போஸ், ஒளித்துகள்களைக் கணக்கிடும் புதிய முறையொன்றை எழுதி ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அதன் அருமையை உணர்ந்த ஐன்ஸ்டீன், தாமே ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிடச் செய்தார். அம்முறையை அணுக்களுக்கும் விரித்தார். போதிய அளவு குளிர்வித்தால் எண்ணற்ற அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் ஒன்றிவிடும் என்பது அவர் கண்ட முடிவு. இந்நிலையே போஸ்–ஐன்ஸ்டீன் சுருக்கம் எனப்படுகிறது.

இதனை ஆய்வகத்தில் காண 71 ஆண்டுகள் ஆயின. 1995இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெல், கார்ல் வீமன் ஆகியோர் ருபிடியம் அணுக்களைக் கொண்டு இதனை நிகழ்த்தினர். ஒரு கெல்வினைக் கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஏறத்தாழ இரண்டு கூறுகளே அவ்வணுக்களின் வெப்பநிலை!

கருமணலின் உறவினர்

1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல் உலகறிந்தது இவ்வாறே. மோனசைட்டில் தோரியத்துடன் அருமண் தனிமங்களும் உள்ளன. செரியம், லாந்தனம், நியோடிமியம் ஆகியவை மிகுதி; டிஸ்ப்ரோசியம் மிகச் சிறிய அளவே உண்டு. 'எட்டுதற்கரியது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

டிஸ்ப்ரோசியம் அணு ஒவ்வொன்றும் வலிமைமிக்க சிறு காந்தம் போன்றது. காந்தத்துக்கு இருமுனை உண்டல்லவா? இரு காந்தங்கள் தலையும் வாலுமாக வரிசையில் நின்றால் ஈர்க்கும். ஒரே திசைநோக்கிப் பக்கம்பக்கமாக நின்றால் விலக்கும். இவ்வணுக்களும் அவ்வாறே இயங்குகின்றன.

சரிவைத் தடுத்த நடுக்கம்

குளிர்ந்த டிஸ்ப்ரோசியம் வளியில் அணுக்களுக்கிடையேயான மோதல் விலக்கத்தைக் காந்தப்புலத்தால் குறைக்கலாம். அவ்வாறு குறைத்தால் ஈர்ப்பு ஓங்கும். வளி முழுவதும் தன்னுள் சரிந்து அழிந்துவிடும் என்றே எளிய கணக்கீடு கூறியது. ஆனால், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் டில்மன் பாஃவ் குழுவினர் நிகழ்த்தி 2016இல் வெளியிட்ட சோதனையில் வளி அழியவில்லை. அது சிறுசிறு துளிகளாகப் பிரிந்து, ஒழுங்குற அணிவகுத்து நின்றது! அதே ஆண்டில், தாங்கிநின்ற ஒளிப்பொறியை விலக்கிய பின்னும் ஒரு துளி சிதறாமல் தன்னைத்தானே பிணைத்துக்கொள்வதும் மெய்ப்பிக்கப்பட்டது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழுவினர் எர்பியம் அணுக்களிலும் இத்தகைய துளியைக் கண்டனர்.

சரிவைத் தடுத்தது எது? எத்துணைக் குளிர்வித்தாலும் துகள்கள் முற்றும் ஓய்வதில்லை. நுண்ணிய நடுக்கம் எஞ்சியே நிற்கும். இக்குவாண்டம் நடுக்கம் சிறு விலக்கத்தைத் தரும் என லீ, ஹுவாங், யாங் ஆகியோர் 1957இலேயே கணித்திருந்தனர். அடர்த்தி கூடும்போது இவ்விலக்கம் ஈர்ப்பினும் விரைந்து வளர்கிறது. குறிப்பிட்ட அடர்த்தியில் இரண்டும் சமனாகின்றன. அச்சமநிலையே துளி. பொருட்படுத்தத் தேவையில்லை என ஒதுக்கப்பட்டிருந்த சிறு திருத்தமே, ஒரு பொருள் நிலைப்பதா அழிவதா என்பதை முடிவுசெய்தது.

இத்துளி காந்தப்புலத் திசையில் ஊசிபோல் நீண்டிருக்கும். நீரினும் கோடிக்கணக்கான மடங்கும், நாம் உயிர்க்கும் காற்றினும் பல்லாயிரம் மடங்கும் ஐதானது. எனினும் திரவத்தின் இயல்புடையது. அணுக்களின் எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே குறைந்தால், மீண்டும் வளியாகிக் கலைந்துவிடும்.

2019இல் பீசா, ஸ்டுட்கார்ட், இன்ஸ்புருக் ஆய்வுக்குழுக்கள் இதன் தொடர்ச்சியாக, படிகம்போல் ஒழுங்கும் உராய்வின்றிப் பாயும் தன்மையும் ஒருங்கே அமைந்த மீத்திண்ம நிலையைக் கண்டன.

அறிவும் பொறுப்பும்

இத்துளியால் உடனடிப் பயன் உண்டா என வினவலாம். போஸின் கட்டுரைக்கும் அன்று உடனடிப் பயன் இல்லை. பொருளின் இயல்பை உள்ளவாறு அறிவதே முதற்பயன். மறுபுறம், காந்தங்கள் முதலிய தொழில்களுக்கு அருமண் தனிமங்களின் தேவை பெருகிவருகிறது. கனிம மணல் அள்ளுவதால் கடலரிப்பும் கதிரியக்கமும் மிகுமோ எனக் கடலோர மக்கள் கவலையுறுகின்றனர். மணலின் மதிப்பை அறிந்தோர் அம்மணல்மீது வாழ்வோரின் குரலையும் கேட்டல் வேண்டும். அறிவியல் கற்போர்க்கு இவ்விரண்டும் கடமையே.

சொற்பொருள்
ஐது – அடர்த்தி குறைந்தது; ஆலி – மழைத்துளி, ஆலங்கட்டி; திவலை – சிறுதுளி; வளி – காற்று, வாயு.

கற்பவை கற்றபின்...
1. நும் ஊரில் மழையையும் பனியையும் குறிக்க வழங்கும் சொற்களைத் தொகுத்து, பொருள் வேறுபாட்டை எழுதுக.
2. இரு சட்டகக் காந்தங்களை வரிசையாகவும் பக்கவாட்டிலும் வைத்துப் பார்த்து, கண்டதை வகுப்பில் விளக்குக.
3. 'கடற்கரை மணல்: வளமா, வாழ்விடமா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.