சொல்லை நீக்கப்போய்ப் பெயர் சிதையலாமா?

சங்க அங்கத்தவர் பட்டியலைக் கணனியில் ஏற்றும் இளைஞர்களுக்கு ஒரு சிறு பாடம்.

பெயர்களுக்கு முன்னுள்ள 'திரு' என்பதை எல்லா இடங்களிலும் நீக்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். பைதன் மொழியில் இதற்கு 'ரிப்ளேஸ்' என்ற கட்டளை உண்டு. நீக்க வேண்டிய எழுத்துத் தொடரை முதலிலும், அதற்குப் பதிலாக வெற்றுத் தொடரை அடுத்தும் கொடுத்தால், அது வரும் இடமெல்லாம் நீங்கிவிடும்.

இங்கு இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இக்கட்டளை மூல வாசகத்தை மாற்றுவதில்லை. திருத்திய புதிய வாசகம் ஒன்றையே தருகிறது. அதனை ஒரு மாறியில் இட்டுக்கொள்ளாவிட்டால் பட்டியல் பழையபடியே இருக்கும்.

இரண்டாவதே முக்கியமானது. கணனி சொல்லின் பொருளை அறியாது; எழுத்து வரிசையை மட்டுமே பார்க்கும். ஆகவே 'திரு. திருச்செல்வம்' என்பது '. ச்செல்வம்' ஆகும். 'திருமதி. மரியம்மா' என்பவர் 'மதி. மரியம்மா' ஆகிவிடுவார். இப்படிச் சிதைந்த பெயர் அடையாள அட்டையோடு பொருந்தாது. கொடுப்பனவுக்காகக் கந்தோருக்குக் கந்தோர் அலையப்போவது அந்த ஏழைதான்.

பரிகாரம் எளிது. புள்ளியையும் அதன் பின்னுள்ள இடைவெளியையும் சேர்த்து 'திரு. ' என்றே நீக்குங்கள். 'திருமதி. ' என்பதைத் தனியாக நீக்குங்கள். புள்ளியில்லாமல் எழுதப்பட்டவை எஞ்சி நிற்கும். அவற்றைக் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். மூலப் பட்டியலில் ஒரு பிரதியைப் பத்திரப்படுத்தி, முதலில் பத்துப் பெயர்களில் சோதித்த பின்னரே முழுப் பட்டியலிலும் கைவையுங்கள்.