கடைசித் தூணருகில் நிற்பவர் யார்?



ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள்? உறவினரோடும் ஒரே தெருக்காரரோடும் நின்று குசலம் விசாரிக்கிறோம். அது நல்லதே. ஆனால் கடைசித் தூணருகில் நின்று பூசை கண்டு, ஒருவரும் ஒரு வார்த்தை கேளாததால் மௌனமாய் வெளியேறுகிறானே ஓர் இளைஞன், அவன் யார்? ஒடிசாவிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ இங்கே வேலைக்கு வந்தவனாயிருக்கலாம். அவனும் ஞானஸ்நானம் பெற்றவனே. நம் பங்கில் அவனுக்கு இடமுண்டா? இவ்வாரம் இதைச் சிந்திப்போம்.

திருச்சபை போதிப்பது

அந்நியனாய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று பொதுத் தீர்வை நாளில் ஆண்டவர் நம்மைக் கேட்பார் (மத்தேயு 25). பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்தவனுக்கு நிற்க இடமும் காட்டும் சபையை அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். மடத்துக்கு வரும் விருந்தினர் எவரையும் கிறீஸ்துநாதராகவே எண்ணி ஏற்கவேண்டுமென்பது அர்ச். ஆசீர்வாதப்பர் வகுத்த ஒழுங்கு. பாப்பரசர் 12-ம் பத்திநாதர் 1952-ல், குடிபெயர்ந்தோரைக் குறித்து ஒரு சாசனம் வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிப்போன திருக்குடும்பமே நாடிழந்த குடும்பங்கள் அனைத்துக்கும் மாதிரி என்று அதில் காட்டினார்.

நாமும் வந்தவர்களே

கடலோரக் குப்பங்களின் மீனவர் எண்ணூரின் பழங்குடிகள். மற்ற நம்மில் பலர் எப்படி இங்கு வந்தோம்? 1948-ல் பிறந்த மோட்டார் கம்பெனியும் அதன் பின் வந்த ஆலைகளும் பல ஜில்லாக்களிலிருந்து குடும்பங்களை அழைத்துவந்தன. 1962-ல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின், அங்கே கடை கண்ணி இழந்த தமிழர் கப்பலேறிச் சென்னைக்குத் திரும்பினர். நம் ஊரிலுள்ள பர்மா நகர் என்ற பெயரே அதற்குச் சாட்சி. 2001-ல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. புதியவர் இன்னும் வருகின்றனர். பாட்டனுக்கு அன்று கிடைத்த ஒரு குடம் தண்ணீரையும், ஓர் ஆறுதல் வார்த்தையையும் பேரன் மறக்கலாமா?

பழங்குடிகளையும் மறவாதீர்கள்

வரவேற்பு புதியவருக்கு மாத்திரமல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கழிமுகத்தில் பரவியபோது, மீனவரின் வலையும் படகும் கறைபட்டன, பிழைப்பு கெட்டது. ஆலைச் சம்பளத்தில் வாழும் குடும்பமும், ஆற்றை நம்பி வாழும் குடும்பமும் ஒரே பந்தியில் தேவநற்கருணை வாங்குகின்றன. ஒருவர் துயரம் மற்றவருக்குத் தெரியாவிட்டால் அது எப்படி ஒரு குடும்பமாகும்?

செய்யவேண்டியவை

1. புதிய முகம் கண்டால் முதலில் நீங்களே பெயரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அதே பெயரால் கூப்பிடுங்கள்.

2. பெஞ்சில் நகர்ந்து இடங்கொடுங்கள். பாஷை தெரியாதவருக்குப் புன்சிரிப்பும், எழுந்து நிற்கும் நேரத்தில் ஒரு சைகையும் போதும்.

3. அன்பியக் கூட்டத்துக்கு வாடகை வீட்டாரையும் அழையுங்கள்.

4. தனியாய் வந்து தங்கியவர் வியாதியில் விழுந்தால் கஞ்சி கொண்டுபோங்கள். பங்குச் சுவாமிக்கும் தெரிவியுங்கள்.

எம்மாவுஸ் ஊருக்குப் போன இரு சீஷர்கள், வழியில் சேர்ந்த அந்நியரை வருந்தி அழைத்துத் தங்கவைத்தார்கள். அவர் அப்பத்தைப் பிட்டபோதே ஆண்டவரென்று அறிந்தார்கள். இருட்டுகிற நேரத்தில் அவரை அழையாமல் போகவிட்டிருந்தால் எதை இழந்திருப்பார்கள்!

ஆகையால், பெற்றோரே, இன்றிரவு செபமாலைக்குப்பின் பிள்ளைகளைக் கேளுங்கள்: "இன்று பூசையில் யார் தனியாய் நின்றார்?" பதில் தெரியாவிட்டால், வரும் ஞாயிறு எல்லாரும் சேர்ந்து திரும்பிப் பாருங்கள்.