எடை மிகுந்தோர் காயமின்றி ஓடுவது எப்படி?

சென்ற ஆண்டு எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஒருவர் நொண்டியபடி வந்தார். வயது 44, எடை 98 கிலோ, சர்க்கரை நோய் கண்டறியப்பட்டு ஈராண்டுகள் ஆகியிருந்தன. நாள்தோறும் நடக்குமாறு அவருக்கு அறிவுறுத்தியிருந்தோம். அவர் ஆர்வத்தோடு நடையிலிருந்து ஓட்டத்திற்கு மாறியிருந்தார். முதல் வாரத்தில் அரை கிலோமீட்டருக்குள் மூச்சு வாங்கியது. மூன்றாம் வாரத்தில் மூச்சு பழகிவிட்டது. உடனே நாளுக்கு 3 கிலோமீட்டர், பிறகு 5 கிலோமீட்டர் எனக் கூட்டினார். ஐந்தாம் வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, காலின் உட்புற எலும்போரத்தில் வலி தோன்றியது. வலிமாத்திரை விழுங்கிவிட்டு மேலும் பத்து நாள்கள் ஓடினார். எம்.ஆர்.ஐ. பரிசோதனையில் எலும்பில் நுண்முறிவு இருப்பது தெரிந்தது.

"இந்த உடம்போடு ஓட்டமா என்று வீட்டில் அன்றே கேட்டார்கள், டாக்டர், நான்தான் கேட்கவில்லை" என்றார் தலைகுனிந்து.

வீட்டார் சொன்னதில் பாதியே உண்மை. எடை மிகுந்தால் கால்கள் தாங்கும் சுமை மிகும், அதில் ஐயமில்லை. ஆயினும் அவருடைய எலும்பை முறித்தது எடை மட்டுமன்று. எலும்பு ஆயத்தமாகுமுன் அவர் தூரத்தைக் கூட்டிய விரைவுமாகும். எடையை ஐந்து வாரத்தில் மாற்ற இயலாது. விரைவை இன்றே மாற்றலாம். இக்கட்டுரை கூற விரும்புவது அதையே.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

ஓடத் தொடங்கியவரின் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்குப் பழகிவிடுகின்றன. தசைகளும் ஓரளவு விரைவில் வலுப்பெறுகின்றன. தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்களும் எலும்புகளும் அவ்வாறல்ல. அவற்றிற்கு மாதக்கணக்கில் காலம் வேண்டும்.

எலும்பு உயிருள்ள பொருள். புதிய சுமை விழும்போது, பழைய எலும்பின் நுண்பகுதிகளை உடல் முதலில் அரித்து அகற்றுகிறது. அதன் பின்னரே அவ்விடத்தைப் புதிய எலும்பால் நிரப்புகிறது. அரிப்பு ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிகிறது. நிரப்பும் பணிக்கோ ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய சுவரை இடித்துவிட்டு, புதுச்சுவர் எழும்புமுன் மாடியில் பாரம் ஏற்றினால் என்னவாகும்? மூன்றாம், நான்காம் வாரங்களில் நம் கால் எலும்பின் நிலை அத்தகையது. மூச்சு எளிதாகி, "இனி எவ்வளவும் ஓடலாம்" என்று மனம் துணிவதும் அதே வாரங்களில்தான். இக்காலப் பொருத்தமே பலரை வீழ்த்துகிறது.

சுமையின் அளவையும் அறிந்துகொள்வோம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு விசை பாதத்தின் மீது செயற்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது ஏறத்தாழ 150 கிலோ. 98 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 245 கிலோ. நிமிடத்திற்கு 160 அடி எனக் கொண்டால், அரை மணி நேர ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2,400 முறை இச்சுமையைத் தாங்குகிறது. ஆகவே ஒல்லியான நண்பரின் பயிற்சி அட்டவணையை எடை மிகுந்தவர் அப்படியே பின்பற்றலாகாது.

டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கியவர்களிடையே நடத்தப்பெற்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு வலுச்சேர்க்கிறது. உடற்பருமன் உடையோர் முதல் வாரத்தில் மொத்தம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் காயத்தின் வாய்ப்பு மிகக்கூடும் என்று அது சுட்டிக்காட்டியது. ஒரு நாளைக்கு 3 கிலோமீட்டர் அன்று; வாரம் முழுவதற்கும் 3 கிலோமீட்டர் என்பதைக் கருதுக.

ஓட்டம் மூட்டைத் தேய்க்குமா?

நோயாளர்கள் மிகுதியாகக் கேட்கும் வினா இது. உடல்நலத்திற்காக அளவோடு ஓடுபவர்களிடம் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம், ஓடாமல் அமர்ந்தே வாழ்பவர்களைவிடக் குறைவாகவே காணப்படுகிறது என்பதை 2017-இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மூட்டின் குருத்தெலும்புக்கு அளவான அழுத்தம் ஊட்டமளிக்கிறது. எனினும் முன்னரே தேய்மானம் உள்ளவர்கள், மூட்டில் நீர் கோத்தவர்கள், தசைநார் கிழிந்தவர்கள் ஆகியோர் மருத்துவர் ஒப்புதலின்றி ஓடுதல் கூடாது. அவர்களுக்கு நீச்சல், மிதிவண்டி, விரைநடை ஆகியன ஏற்றவை.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியெண் 23-ஐ எட்டினால் மிகை எடை என்றும், 25-ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் கொள்கிறோம். இவ்வரம்பில் உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் ஆகியன மறைந்திருக்கக்கூடும். 40 வயதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும், நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம் உணர்பவர்களும் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

சர்க்கரை நோயாளர்கள் பாதத்தின் உணர்வைச் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது. உணர்வு மங்கிய பாதம் கொப்புளத்தையும் அறியாது, நுண்முறிவையும் அறியாது. இன்சுலின், கிளிமிப்பிரைடு போன்ற மருந்துகளைப் பயன்படுத்துவோருக்கு ஓட்டத்தின்போதோ பின்னரோ சர்க்கரை தாழக்கூடும். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொட்டலமோ இருத்தல் வேண்டும்.

அடுத்து, ஓர் எளிய தேர்வு. சுவரைத் தொட்டபடி ஒற்றைக்காலில் நின்று, குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொரு காலிலும் வலியின்றிப் பத்து முறை செய்ய முடிகிறதா? 30 நிமிடம் விரைவாக நடந்த பின் மறுநாள் காலை வலியின்றி எழ முடிகிறதா? இரண்டிற்கும் "ஆம்" என்று விடை வந்தால் ஓடத் தொடங்கலாம். "இல்லை" எனில் மேலும் சில வாரங்கள் நடையையும் தசைப் பயிற்சியையும் தொடருங்கள்.

முதல் பன்னிரண்டு வாரங்கள்

நடையும் ஓட்டமும் கலந்த முறையே எடை மிகுந்தோருக்கு உகந்தது. இடைப்பட்ட நடை, களைத்த தசைகள் மீள வாய்ப்பளிக்கிறது. எங்கள் நோயாளர்களுக்கு நான் பரிந்துரைக்கும் முறை பின்வருமாறு:

1 முதல் 3 வாரங்கள்: 1 நிமிட மெல்லோட்டம், 2 நிமிட நடை, இவ்வாறு 8 முறை. முன்னும் பின்னும் 5 நிமிட நடை.

4 முதல் 6 வாரங்கள்: 1 நிமிட மெல்லோட்டம், 1 நிமிட நடை, 10 முறை. மூச்சு எளிதாகத் தோன்றினாலும் இதற்கு மேல் கூட்டலாகாது.

7 முதல் 9 வாரங்கள்: 2 நிமிட மெல்லோட்டம், 1 நிமிட நடை, 8 முறை.

10 முதல் 12 வாரங்கள்: 3 நிமிட மெல்லோட்டம், 1 நிமிட நடை, 7 முறை.

வாரத்திற்கு மூன்று நாள்கள் மட்டும் ஓட வேண்டும். இரு ஓட்டங்களுக்கு இடையே ஒரு நாளேனும் இடைவெளி வேண்டும். வேகத்திற்கு அளவுகோல், பேச்சு. ஓடியபடியே ஒரு முழு வாக்கியத்தைத் திணறாமல் சொல்ல இயல வேண்டும். நாடித்துடிப்பைக் குறைக்கும் இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்வோர் கைக்கடிகாரம் காட்டும் துடிப்பைக் காட்டிலும் இவ்வளவுகோலையே நம்பலாம்.

அடிகளைக் குறுக்கி வையுங்கள். அதே வேகத்தில், நிமிடத்திற்கான அடிகளின் எண்ணிக்கையை 5 முதல் 10 விழுக்காடு உயர்த்தினால், பாதம் உடலுக்கு அருகிலேயே பதியும். முழங்காலின் சுமை குறையும். கடற்கரையின் புதைமணல் மென்மையானதாகத் தோன்றினும் கெண்டைக்கால் தசையையும் குதிகால் தசைநாணையும் வருத்தும். சமதளமான பூங்காப் பாதையோ விளையாட்டுத் திடலோ நன்று.

காலணி விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. காலுக்கு இதமாக இருத்தல் வேண்டும். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் வாங்குக. பெருவிரலுக்கு முன்னே ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். தொடைகள் உரசும் இடத்தில் வாசலின் தடவிக்கொண்டால் தோல் புண்ணாகாது. நம் ஊர் வெயிலுக்கு, காலை ஆறரை மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுவது நலம்.

ஓடாத நாள்களில் இரண்டு நாள்கள் தசைப் பயிற்சி செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்து எழுதல், குதிகால் உயர்த்துதல், பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துதல் ஆகிய மூன்றும் போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 15 முறை, மூன்று சுற்றுகள்.

வலியின் மொழி

வலியைச் சுழியிலிருந்து பத்து வரை மதிப்பிட்டால், மூன்று வரை உள்ள வலி, மறுநாள் காலைக்குள் அடங்குமாயின், பொறுத்துக்கொள்ளலாம். மூன்றைத் தாண்டினாலோ, மறுநாளும் நீடித்தாலோ, நடையைக் கோணலாக்கினாலோ முந்தைய நிலைக்குத் திரும்புங்கள். வலிமாத்திரை உட்கொண்டு ஓடாதீர்கள். அம்மாத்திரை எச்சரிக்கையை மட்டுமே அடக்குகிறது. வியர்வையால் நீர் குறைந்த உடலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். சர்க்கரை, இரத்த அழுத்தம் உடையோருக்கு இவ்வாபத்து மிகுதி.

பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை அணுகுக:

• எலும்பின் மீது ஒரு விரல் வைக்கும் அளவிலான இடத்தில் மட்டும் கூரிய வலி; இரவிலும் ஓய்விலும் தொடரும் வலி
• கெண்டைக்காலில் திடீரெனச் சாட்டையடி போன்ற வலி
• ஒரு காலில் மட்டும் வீக்கமும் வெப்பமும்
• மூட்டு வீங்குதல், மடங்காமல் பூட்டிக்கொள்ளுதல்
• பாதத்தில் புண், நிறமாற்றம்

நெஞ்சிறுக்கம், மயக்கம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் ஆகியவற்றிற்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வர வேண்டும், காத்திருத்தல் கூடாது.

உணவைக் குறைப்பது ஓட்டத்தின் வேலையன்று

ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 90 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 270 கலோரி. இரண்டு மெதுவடையும் சர்க்கரையிட்ட காபியும் அதை ஈடுசெய்துவிடும். எடை குறையவில்லையே என்று ஓட்டத்தை இரட்டிப்பவர்களே எங்களிடம் காயத்தோடு வருகிறார்கள். எடையைத் தட்டில் குறையுங்கள். ஓட்டத்தை இதயத்திற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் மனநலத்திற்கும் உரியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ குறைந்தாலும், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான அழுத்தம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

குடும்பத்தாருக்கு ஒரு சொல்

எடை மிகுந்தவர் தெருவில் ஓடுவதற்குத் துணிவு வேண்டும். பிறர் பார்வைக்கு அஞ்சி வேகமாக ஓடிக் காயமுற்றவர்களை நான் கண்டிருக்கிறேன். வீட்டில் கேலி வேண்டா, "இன்னும் எத்தனை கிலோ குறைந்தது?" என்ற அன்றாட விசாரணையும் வேண்டா. வாரம் ஒரு நாளேனும் உடன் நடந்து செல்லுங்கள். "இன்று கால் எப்படி இருக்கிறது?" என்று கேளுங்கள், அக்கேள்வி ஒரு நுண்முறிவைத் தடுக்கலாம்.

முதலில் குறிப்பிட்ட நோயாளர் எட்டு வாரங்கள் ஓட்டத்தைத் தவிர்த்தார். எலும்பு கூடிய பின் நடையிலிருந்து மீண்டும் தொடங்கினார். இம்முறை மனைவியும் உடன் நடந்தார். இப்போது வாரம் மூன்று நாள்கள், நடை கலந்து, அரை மணி நேரம் ஓடுகிறார். எடை 93 கிலோ. "மூச்சு இருக்கிறது, இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போது நிறுத்திவிடுகிறேன், டாக்டர்" என்றார் சென்ற மாதம். முதல் மூன்று மாதங்களுக்கு அதுவே சரியான நிறுத்தம்.